துடைத்து வைத்த வீடு

இன்று காலை ரொறொன்ரோவில், மல்வேர்ன் பக்கத்தில் ஒரு வரிசைவீட்டின் கதவு திறந்ததும், தரை துடைக்கிற மருந்தின் பைன் மணமும் ரோல்ஸ் பொரிக்கிற மணமும் சேர்ந்து வந்து முகத்தில் அடித்தன. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கதவைத் திறந்த சுகந்தி என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். பாவம், அவள்மேல் எனக்கு என்ன கோபம்? கோபமெல்லாம் உம்மேல்தான். செத்துப்போன மனுசியோடு கோபிக்கக்கூடாது என்று என் மனுசன் சொல்கிறார். அவருக்கென்ன, அவர் சொல்லுவார்.

சுகந்தியின் மகனுக்கு ஒன்பது வயது. பேச்சில்லை, ஒழுங்கான நித்திரையில்லை, கதவு திறந்திருந்தால் தெருவுக்கு ஓடிவிடுவான். அவனைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் சில மணித்தியாலம் ஆள் கொடுக்கலாமா என்று பார்த்து முடிவெடுக்க ஓர் அலுவலர் இன்று அவர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்குத்தான் என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள். போய்ப் பார்த்தால், பொம்பிளை பார்க்க ஆட்கள் வருகிற வீடு மாதிரி இருக்கிறது. சோபாவுக்குப் புது விரிப்பு. பெடியனுக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரி விட்டிருக்கிறாள். அவன் ஓடாமலிருக்கக் கதவின் உச்சியில் பூட்டிய கொண்டியைக்கூட ஒரு துணி தொங்கவிட்டு மறைத்திருக்கிறாள்.

"ஆக்கள் வாற நேரம் வீடு குப்பையாக் கிடந்தா என்ன அன்ரி நினைப்பினம்?" என்றாள்.

"இந்த வீட்டுக்கு உதவி தேவை எண்டு நினைப்பினம். அதுக்குத்தானே வரச் சொன்னனி? எடு பிள்ளை அந்தத் துணியை."

இதெல்லாம் நீர் பேசவேண்டிய பேச்சு. நீர் இருந்திருந்தால் நீர் மல்வேர்னுக்குப் போயிருப்பீர், நான் வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டில் இருந்து ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்திருப்பேன்.

நாங்கள் முதன்முதலில் கண்டுகொண்ட இடம் ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற நிலையத்தின் காத்திருக்கும் அறை. என் மதுராவுக்கு அப்போது நாலு வயது, உம்முடைய ஆரூரனுக்கு ஏழு. என் மடியில் ஒரு பை நிறையத் துண்டுப்பிரசுரங்கள். டொக்டர் தந்தது, பள்ளிக்கூடம் தந்தது, நூலகத்தில் நானாக எடுத்தது. நீர் பக்கத்துக் கதிரையில் இருந்து, கேட்டுக் கேள்வியில்லாமல் என் பைக்குள் கையை விட்டீர்.

"உதெல்லாம் வாசிச்சனீரோ?"

"ஓம்."

"விளங்கினதோ?"

"இல்லை."

"எனக்கும் விளங்கேல்லை. தமிழிலதான் கிடக்கு, ஆனா ஆர் பேசுற தமிழ் எண்டு தெரியேல்லை. இதில 'இளைப்பாறல் சேவை' எண்டு ஒண்டு கிடக்கு, பாரும். நான் பென்சன் எண்டு நினைச்சு விட்டிட்டன். ஒரு வருசம் போச்சு."

அது பென்சன் இல்லை. ரெஸ்பைற் என்று இங்கே சொல்வார்களே, தாய் கொஞ்சம் மூச்சு விடுவதற்காகப் பிள்ளையை வேறொருவர் வந்து பார்த்துக்கொள்கிற நேரம், அதுதான். அந்த ஒரு வருடமும் நீர் மூச்சு விடாமல் இருந்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்னீர். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. எந்தக் கந்தோரில் இருந்து எந்தப் படித்த மனிதர் அதை எழுதினாரோ, அவரைக் கூட்டிவந்து உம்முடைய வீட்டில் ஒரு கிழமை விடவேண்டும் போலிருக்கிறது.

பிறகு இருவருமாகத் தேடத் தொடங்கினோம். ஒரு ரெலிபோன் இலக்கத்துக்கு அடித்தால் இன்னொரு இலக்கம் தருவார்கள். அதற்கு அடித்தால் அங்கே இசை போட்டுக் காக்க வைத்துவிட்டு, வேறு இடத்துக்கு அடிக்கச் சொல்வார்கள். அந்த இடத்துக்காரி முதல் இலக்கத்தையே திருப்பித் தருவாள். "கோயில் வீதி சுத்துற மாதிரியெல்லே சுத்த விடுறாங்கள். உள்ளுக்குச் சாமி இருக்கோ எண்டுதான் தெரியேல்லை," என்று சொல்லிவிட்டு நீர் மறுபடியும் அடிப்பீர். அந்தப் பிடிவாதம் எனக்கு இல்லை. நான் இரண்டாவது இலக்கத்திலேயே அழுதுவிடுவேன். அதனால்தான் நீர் ஒரு சட்டம் போட்டீர்: "தனியப் போகாதையும். ஒருத்தி அழேக்க மற்றவ கதைக்கலாம்."

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக அலுவலர் வந்த அன்று நான் செய்ததும் சுகந்தி செய்ததுதான். முதல் நாளே வீட்டைத் துடைத்து, மீன் கட்லற் பொரித்து, மதுராவுக்குப் பட்டுப் பாவாடை கட்டி விட்டிருந்தேன். மதுரா நிலத்தில் இருந்துகொண்டு சுவரில் தலையை மோதுவாள். இந்த நாட்டுச் சுவர் என்ன சுவர், அட்டைச் சுவர். ஒரு பெரிய ஓட்டை விழுந்திருந்தது. அதை மறைக்க என் மனுசன் ஒரு பிள்ளையார் படத்தை அந்த இடத்தில் கொளுவியிருந்தார். நீர் நேரத்தோடு வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தீர்.

"இஞ்சேரும், பிள்ளையார் ஏன் உம்மட முழங்காலுக்குக் கீழ நிக்கிறார்?"

நீர் படத்தைக் கழற்றிச் சாமித்தட்டில் வைத்தீர். மடித்து மறைத்த மெத்தையை இழுத்துப் பழையபடி நடுவீட்டில் போட்டீர். கட்லற்றை ஒரு டப்பாவுக்குள் போட்டு உம்முடைய பைக்குள் வைத்துக்கொண்டீர். "அவ விருந்துக்கு வரேல்லை," என்றீர். அந்த டப்பா எனக்குத் திரும்பி வரவேயில்லை, அது வேறு கதை.

அலுவலரோடு மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் வந்தா. பார்த்தால், கோயிலில் கண்டு பழகிய முகம். நீர் என் காதுக்குள் சொன்னீர்: "அவ நாளைக்குக் கோயிலில போய்ச் சொன்னாச் சொல்லட்டும். கோயில் ஆக்கள் வந்து உம்மட பிள்ளையைக் குளிப்பாட்டுவினமோ?" எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அலுவலர் கேட்டா. "கடவுளே எண்டு ஒருமாதிரிச் சமாளிக்கிறம்," என்று நான் வாயெடுக்க, என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. "நல்ல நாளை எங்களுக்குள்ள வச்சிருப்பம். அவைக்குக் கெட்ட நாளைச் சொல்லும்."

சொன்னேன். கடித்ததை, மோதியதை, மலம் அள்ளியதை, வலிப்பு வந்து நீலம் பாரித்ததை, நான் ஒருநாள் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்ததை. எல்லாவற்றையும் மதுரா நிலத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளங்கும். தன் பெயர் வருகிற ஒவ்வொரு தடவையும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இது எந்த ஊர் நியாயம்? மற்றப் பெற்றோர் எல்லாம் கலியாண வீட்டில், செத்த வீட்டில் என்று போகிற இடமெல்லாம் தங்கள் பிள்ளைகளின் புகழ் பாடிக்கொண்டு திரிகிறார்கள். என் பிள்ளைக்கு ஒரு உதவி வேண்டுமென்றால் அவள் முகத்துக்கு முன்னாலேயே அவளைக் குறை சொல்லவேண்டும். கூடுதலாகக் குறை சொன்னால் கூடுதல் மணித்தியாலம். அன்று வந்த ஆத்திரம் இன்னும் என் வயிற்றுக்குள் கிடக்கிறது.

உமக்கு அது தெரிந்திருந்தது. அவர்கள் படி இறங்குவதற்கு முன்னமே நீர் என் குசினிக்குள் போய் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து வந்து, மதுராவின் தலையைச் சுற்றி நாவூறு கழித்தீர்.

"ஆரும் புகழ்ந்தாத்தானே நாவூறு? நாங்கள் பிள்ளையைத் திட்டியெல்லே தீர்த்திருக்கிறம்," என்றேன்.

"திட்டினதும் ஒட்டும். பெத்தவ திட்டினா இன்னும் ஒட்டும்."

மிளகாயைத் தாச்சியில் போட்டு அடுப்பில் வைத்தீர். ஒரு நிமிடம் ஆகவில்லை, புகைமணி அலறத் தொடங்கிவிட்டது. என் மனுசன் கதிரையில் ஏறி நின்று பேப்பரால் விசுக்குகிறார், நீர் இருமிக்கொண்டே "போ, போ, எல்லாம் போ" என்று கத்துகிறீர், மதுரா கையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கு அலுவலர் வந்து போனாலும் நீர் நாவூறு கழிக்காமல் வெளிக்கிடுவதில்லை. இன்று சுகந்தியின் வீட்டிலும் நான் கழித்துவிட்டுத்தான் வந்தேன். முன்யோசனையாக யன்னலைத் திறந்து வைத்தேன்.

உம்முடைய வாய்க்கு நான் பயந்த இடங்களும் உண்டு. கோயிலில் ஆரூரன் சத்தம் போடுகிறான், வெளியில் கொண்டுபோங்கோ என்று ஒரு தொண்டர் வந்து சொன்னார். "மேளகாரரையும் அனுப்புங்கோ, அவையும் சத்தம்தான் போடுகினம்," என்றீர். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீர் அசையவில்லை. தீபம் காட்டி முடியும்வரை அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையிலேயே நின்றீர்.

இப்படிப்பட்ட மனுசி நீர். அதனால்தான் சொல்கிறேன், உம்மை மன்னிக்க எனக்கு முடியவில்லை.

ஆரூரனுக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் சிறுவர்களுக்கான உதவிகள் எல்லாம் நின்றன. ஏதோ பிறந்தநாள் கேக்கை வெட்டியதும் அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று நினைத்தார்களாக்கும். பெரியவர்களுக்கு வேறு வரிசை. அந்த வரிசையில் நீரும் அவனும் வருடக்கணக்காக நின்றீர்கள். அவன் ஆறடி ஆம்பிளையாக வளர்ந்தான். கோபம் வந்தால் அவனுடைய கையைப் பிடிக்க உம்மால் முடியவில்லை. கோடையிலும் நீர் நீளக்கைச் சட்டை போட்டீர். அவனுடைய தகப்பன் எப்போதோ லண்டனுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அஜின்கோர்ட் அபார்ட்மென்ற்றில் நீரும் அவனும்தான்.

பிறகு நீர் மெலியத் தொடங்கினீர். கேட்டால் "டயற்" என்றீர். அந்த நேரத்தில்தான் ஆரூரனுக்கு எவ்வளவு உதவி தேவை, எவ்வளவு அவசரம் என்று பார்க்க உம்முடைய வீட்டுக்கு ஆள் வந்தது. தனியப் போகக்கூடாது என்ற உம்முடைய சட்டப்படி நானும் வந்தேன். கதவு திறந்தது. பைன் மணம். மேசையில் ரோல்ஸ், பற்றீஸ், கேக். நீர் நீலச் சேலை கட்டி, பொட்டு வைத்து, பவுடர் போட்டு நின்றீர். ஆரூரன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேட்டோடு கதிரையில் இருந்தான். ஏதோ பகிடி விடுகிறீர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அலுவலர் கேட்டா. நீர் சிரித்த முகத்தோடு சொன்னீர், உம்முடைய வாயால் சொன்னீர்: நாங்கள் நன்றாகச் சமாளிக்கிறோம், நான் சுகமாக இருக்கிறேன், அவன் குழப்படி இல்லாத பிள்ளை, அவசரம் ஒன்றுமில்லை. நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தீர். அந்த அம்மா ஒரு பற்றீஸ் சாப்பிட்டுவிட்டு, வீடு வடிவாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனா.

கதவு சாத்தியதும் நான் கத்தினேன். "என்ன விசர் வேலை பார்த்தனீர்? ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிப்போட்டு!"

அப்போதுதான் சேலைத் தலைப்பை விலக்கி, நெஞ்சுக்கு மேலே புற்றுநோய் மருந்து ஏற்றப் பொருத்தியிருந்த குழாயைக் காட்டினீர். "வருத்தக்காரி எண்டு தெரிஞ்சா அவனைப் பறிச்சுக்கொண்டுபோய்க் கிழடுகள் இருக்கிற ஹோமில விட்டிடுவாங்கள். இடமில்லாட்டி அங்கதான் விடுறவங்கள், நான் கண்டனான். நான் இருக்குமட்டும் அது நடவாது."

"நீர் போனாப் பிறகு?"

"தேத்தண்ணி ஆறுது, குடியும்."

இதுதான் உம்முடைய பதில். அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஒன்றில் தேத்தண்ணி, இல்லையென்றால் சிரிப்பு. ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கினீர். நீர் பயந்தது பிழை என்று நான் சொல்லவில்லை. ஒரு தாய் உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பறிகொடுப்பாள், பொய் சொன்னால் உதவியைப் பறிகொடுப்பாள் என்று வைத்திருக்கிறார்களே, அவர்கள் நாசமாய்ப் போக. ஆனால் நீரும் இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்று அவனோடு இருக்க ஆசைப்பட்டீர். அந்த ஆசைக்கு அவன் கட்டினான் வட்டி.

பனி கரையத் தொடங்கிய நேரம் நீர் போய்விட்டீர். செத்தவீட்டுக்கு ஆரூரனைக் கொண்டுவராதேங்கோ, சத்தம் போடுவான் என்று உம்முடைய ஆட்கள் சொன்னார்கள். நான் கொண்டுவந்தேன். அவன் பேசாமல் நின்றான். சத்தம் போட்டதெல்லாம் அவர்கள்தான்.

நீர் பயந்தது ஒரு எழுத்தும் தவறாமல் நடந்தது. தாய் சுகம், வீடு நல்லது, அவசரமில்லை என்று அலுவலர் எழுதி வைத்திருந்ததால் அவன் வரிசையின் வாலில் நின்றான். கிடைத்த கட்டில் முதியோர் இல்லத்தில்தான். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. அவனுடைய சாப்பாட்டு மேசையில் எண்பதுக்குக் குறைந்தவர் இல்லை. வெளிச்சம் போவதற்கு முன்பே சாப்பாடு கொடுத்துப் படுக்கவிட்டார்கள். அவன் கதவை இடித்தான். மாத்திரை கொடுத்தார்கள். மதுராவை என் மனுசனிடம் விட்டுவிட்டு நான் போகிற நேரங்களில் கதிரையில் சரிந்து, வாயோரம் வடிய, அரைக்கண்ணில் என்னைப் பார்ப்பான். அங்கே வேலை செய்கிற பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தி எத்தனை பேரைத்தான் பார்ப்பாள்? வெளியில் வந்து பஸ் தரிப்பில் நின்று உம்மைத் திட்டுவேன், சத்தமாகவே திட்டுவேன். ரொறொன்ரோவில் தனக்குத் தானே பேசுகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவனை அங்கிருந்து எடுக்கவேண்டும் என்று நான் அடிக்காத இலக்கமில்லை. கடைசியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மார்க்கம் நகரில் இருக்கிற உம்முடைய தம்பியைக் குடும்பம் என்று கூப்பிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். ஒரு உறவுமில்லை என்றேன். அப்படியென்றால், என்று ஒருவர் தொடங்கினார். நான் கதிரையை இன்னும் கொஞ்சம் மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன். உம்முடைய தம்பி நல்லவர், "அவ இருக்கட்டும்," என்றார். ஆனால் அவர் தொடங்கியதே, அக்கா எல்லாவற்றையும் நன்றாகத்தான் வைத்திருந்தவ என்றுதான்.

"அவ பொய் சொன்னவ," என்றேன்.

அந்த அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உம்முடைய கெட்ட நாட்களைச் சொன்னேன். நீளக்கைச் சட்டைக்கு உள்ளே என்ன இருந்தது என்று சொன்னேன். உம்முடைய விலா எலும்பு முறிந்ததை, படியில் விழுந்தேன் என்று நீர் ஆஸ்பத்திரியில் சொன்னதை, அவன் வெளியே போகாமலிருக்க நீர் வாசற்கதவோடு தலையணை போட்டுப் படுத்ததை, மருந்து ஏற்றிவிட்டு வந்து சத்தியெடுத்துக்கொண்டே அவனைக் குளிப்பாட்டியதை. நீர் சமாளிக்கவேயில்லை என்று சொன்னேன். நீர் கட்டிக் காத்த மரியாதையை எல்லாம் அந்த மேசையில் போட்டு உடைத்தேன்.

"அக்கான்ர பேரைக் கெடுக்காதேங்கோ," என்றார் தம்பி. அவருடைய கண் கலங்கியிருந்தது.

"பேரை வச்சு என்ன செய்யிறது தம்பி? பேருக்கு ஒரு அறை தருவினமோ?"

அதற்குப் பிறகும் இழுத்தார்கள். ஆனால் அவசரம் என்று மாற்றினார்கள். ஸ்கார்பரோவிலேயே, இன்னும் மூன்று பேர் இருக்கிற ஒரு சின்ன வீட்டில் ஓர் அறை வந்தது. யாரோ ஒரு பிள்ளைக்கு ஏதோ நடந்துதான் அந்த அறை காலியாகியிருக்கும். அதை நான் யோசிப்பதில்லை.

போன சனிக்கிழமை ஆரூரனைக் கொண்டுபோய் விட்டோம். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவ ஒரு பிலிப்பீன்ஸ்காரி, என் வயதுதான் இருக்கும். குசினி மேசையில் என்னை இருத்தி, பேனையை எடுத்துக்கொண்டு ஆரூரனைப் பற்றிக் கேட்டா. நானும் பழகின தோஷத்தில் என் இங்கிலீசில் தொடங்கிவிட்டேன்: அடிப்பான், கதவை இடிப்பான், ஓடுவான். அவ கையை உயர்த்தி என்னை நிறுத்தினா. அதெல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டது, அவனுக்கு என்ன விருப்பம் என்றுதான் கேட்டேன் என்றா.

இத்தனை வருடங்கள், இத்தனை பேர், எத்தனை கேள்வி. ஒரு நாய்கூட உம்மிடம் இதைக் கேட்டதில்லையே. கடைசியில் ஒருத்தி வந்து கேட்கிறா, கேட்கிற நேரத்தில் நீர் இல்லை. பதில் முழுக்கத் தெரிந்தவர் நீர். எனக்குத் தெரிந்தது, பக்கத்தில் இருந்து பார்த்ததில் மிச்சம். அந்தக் கதிரையில் இருந்து உம்மை நினைக்க எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

சொன்னேன். உடுப்புத் தோய்க்கிற மெஷின் சுற்றும்போது அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பான். முட்டையில் மஞ்சளை மட்டும் தின்பான், வெள்ளையை மற்றவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைப்பான், அது அவன் தருகிற அன்பு, வேண்டாமென்று சொல்லக்கூடாது. காது துடைத்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வான். காலையில் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் போகிறபோது வருகிற அந்தச் சோக இசை அவனுக்கு உயிர். நிமிர்ந்திருந்து தலையாட்டிக் கேட்பான். உம்முடைய பெயரை வாசித்த அன்றும் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அவ எழுதிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் பேனையை மேசையில் வைத்தா. இப்போதைக்கு இவ்வளவு போதும், காணும் என்றா.

"காணாது," என்றேன். "இன்னும் கிடக்கு. எழுதுங்கோ."